பழைய கணக்கு தேடி வரும்: 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' வழியாக ஃபிலிம் நுவார்

கலிஃபோர்னியாவின் மலைப்பகுதியில் பிரிட்ஜ்போர்ட் என்றொரு சிற்றூர். ஜெஃப் பெய்லி அங்கே பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறான். காது கேளாத, வாய் பேசாத ஒரு பையன் அவனுக்கு உதவியாள். உள்ளூர்ப் பெண் ஆனுடன் ஏரிக்கரையில் மீன் பிடிப்பதும், கல்யாணம், வீடு என்று பேசுவதுமாகப் பொழுது போகிறது. ஒருநாள் நகரத்துக் கோட்டு போட்ட ஒருவன் காரில் வந்து இறங்குகிறான். 1947இல் ஆர்கேஓ நிறுவனம் வெளியிட்ட 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' இப்படித்தான் தொடங்குகிறது. கறுப்பு வெள்ளை, 97 நிமிடம். ஜாக் டூர்னர் இயக்கம், நிக்கோலஸ் முசுராகா ஒளிப்பதிவு. ஜெஃபாக ராபர்ட் மிச்சம், கேத்தியாக ஜேன் கிரீர், விட் ஸ்டெர்லிங்காக கிர்க் டக்ளஸ்.

வந்தவன் பெயர் ஜோ, விட் ஸ்டெர்லிங்கின் ஆள். அவனும் ஜெஃபும் பேசும் முதல் பேச்சைக் கவனமாகக் கேட்க வேண்டும். உலகம் ரொம்பச் சின்னது என்கிற மாதிரி ஜெஃப் ஏதோ சொல்ல, இல்லாவிட்டால் பெயர்ப்பலகை ரொம்பப் பெரியது என்று ஜோ மடக்குகிறான். மார்க்கம் என்ற பழைய குடும்பப் பெயரை மட்டும்தான் ஜெஃப் மாற்றியிருக்கிறான். ஜெஃப் என்பதை விடவில்லை. அதையும் போகிற வருகிறவர் கண்ணில் படும்படி பலகையில் எழுதி மாட்டியிருக்கிறான். ஒளிந்து வாழ்கிறவன் செய்கிற வேலையா இது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நுவார் படங்களில் கடந்த காலம் எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபட்டுவிடும். முடிவு உட்பட முழுக்கதையும் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஆனால் முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இது இல்லை. ஏன் இல்லை என்பதும் பின்னால் வரும்.

முதலில் பெயர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1940களின் தொடக்கத்திலிருந்து 1950களின் இறுதிவரை அமெரிக்காவில் வந்த ஒருவகைக் குற்றப் படங்களை ஃபிலிம் நுவார் என்கிறோம். அந்தப் பெயரை 1946இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நினோ ஃபிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர். ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ் இருந்த காலத்தில் ஹாலிவுட் படங்கள் அங்கே திரையிடப்படவில்லை. போர் முடிந்ததும் தேங்கியிருந்ததெல்லாம் மொத்தமாக வந்து இறங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தவர்களுக்குத்தான் இவற்றுக்குள் ஒரே சாயல் ஓடுவது தெரிந்தது. எடுத்தவர்களுக்கு இது வெறும் குற்றப் படம், மெலோடிராமா. நுவார் எடுக்கிறோம் என்று நினைத்து அப்போது யாரும் நுவார் எடுக்கவில்லை. அதனால் எது நுவார், எது இல்லை என்று விமர்சகர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். புதிதாக வருபவர் அந்தச் சண்டையில் சேரத் தேவையில்லை.

நினைவாக வராது, பொருளாக வரும்

கடந்த காலத்திலிருந்து தப்புவது என்றதும் குற்ற உணர்ச்சி நினைவுக்கு வரும்: தூக்கம் வராதவன், கனவில் அலறுகிறவன், கண்ணாடி முன் நின்று அழுகிறவன். ஜெஃபிடம் இது ஒன்றும் இல்லை. நிம்மதியாக மீன் பிடிக்கிறான், நிதானமாக சிகரெட் பற்றவைக்கிறான். மிச்சமின் நடிப்பே பாதி மூடிய கண்களோடு வருவதை ஏற்றுக்கொள்கிற நடிப்பு. அவனைத் துரத்துவது கையால் தொடக்கூடிய விஷயங்கள். நான்கு இருக்கின்றன.

முதலாவது, ஏமாற்றப்பட்ட ஒரு முதலாளி. ஜெஃப் முன்பு நியூயார்க்கில் தனியார் துப்பறிவாளன். விட் ஸ்டெர்லிங் என்ற சூதாட்டப் பெரும்புள்ளியை அவனுடைய காதலி கேத்தி சுட்டுவிட்டு, 40,000 டாலருடன் ஓடிவிட்டாள் என்பது வழக்கு. பணம் போனால் போகட்டும், அவளைக் கொண்டுவா என்கிறான் விட். ஜெஃப் அவளை மெக்சிகோவின் அகாபுல்கோவில் கண்டுபிடிக்கிறான். பிறகு அவளோடு சேர்ந்து அவனே ஓடிவிடுகிறான்.

இரண்டாவது, ஒரு பிணம். இருவரும் சான் பிரான்சிஸ்கோவில் ஒளிந்து வாழும்போது, ஜெஃபின் பழைய கூட்டாளி ஃபிஷர் மோப்பம் பிடித்து வந்து பங்கு கேட்கிறான். காட்டு வீட்டில் கைகலப்பு. கேத்தி ஃபிஷரைச் சுட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். ஜெஃப் உடலைப் புதைக்கிறான்.

மூன்றாவது, ஒரு காகிதம். ஓடியவள் தன் வங்கிப் பாஸ்புக்கை விட்டுப் போயிருக்கிறாள். உள்ளே 40,000 டாலர் வரவு. பணத்தை எடுக்கவே இல்லை என்று அவள் சத்தியம் செய்திருந்தாள்.

நான்காவது, அந்தப் பெயர்ப்பலகை.

ஆக, ஜெஃபின் கடந்த காலம் அவன் மனசுக்குள் இல்லை. ஒரு குழியிலும், ஒரு வங்கிக் கணக்கிலும், இன்னொருவன் மூளையிலும் பத்திரமாக இருக்கிறது. அவன் மறந்தாலும் அவை மறக்காது. நுவார் கதையின் இயந்திரம் இதுதான். ஊழ்வினை என்று இதைச் சொல்லிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும், ஆனால் சரியாக இருக்காது. ஊழ் முற்பிறவியிலிருந்துகூட வரலாம். இங்கே வருவதெல்லாம் நாமே பார்த்த, ஜெஃப் தன் கையால் செய்த, செய்யாமலும் விட்டிருக்கக்கூடிய காரியங்களின் பாக்கி.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஓடியவர்களைப் பிடிப்பது ஜெஃபின் தொழிலாகவே இருந்தது. கேத்தி ஃபுளோரிடா போயிருக்கிறாள் என்று அவளிடம் வேலை செய்த பெண் சொல்கிறாள். பேச்சோடு பேச்சாக, தடுப்பூசி போட்டுக்கொண்டதில் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் வெளியே வருகிறது. ஃபுளோரிடா போக ஊசி எதற்கு? மெக்சிகோ என்று ஜெஃப் கணக்குப் போடுகிறான். ஒரே ஒரு ஊசியை வைத்து ஒருத்தியின் திசையைக் கண்டுபிடித்தவன், தன் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுகிறான். திரைக்கதையின் ஓட்டை என்று சிலர் இதைச் சொல்வதுண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒளிந்து கிடப்பது வேறு, வாழ்வது வேறு. ஊரோடு ஊராக, சொந்தக் கடையோடு வாழ அவன் ஆசைப்பட்டான். பலகை அந்த ஆசையின் விலை.

ஃபிளாஷ்பேக் எதற்கு

ஜோ வந்துபோன அன்று இரவு, விட்டைப் பார்க்க டாஹோ ஏரிக்குப் போகும் வழியில், காரில் ஆனிடம் ஜெஃப் எல்லாவற்றையும் சொல்கிறான். அகாபுல்கோ, ஃபிஷர், பாஸ்புக் எல்லாம் அந்த ஒரே நீண்ட ஃபிளாஷ்பேக்கில் வருகின்றன. படம் பாதியைத் தொடுவதற்குள் அது முடிந்துவிடுகிறது. இதைக் கவனிக்க வேண்டும். ஃபிளாஷ்பேக்கை ரகசியம் உடைக்கும் கருவியாக வைக்கிற படங்கள் அதைக் கடைசிக்கு ஒதுக்கும். இங்கே ரகசியம் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. மிச்சப் படம் முழுக்க ஒரே கேள்விதான்: உண்மையைச் சொல்லிவிட்டால் விடுதலை கிடைக்குமா?

கிடைக்காது. விடிந்ததும் ஜெஃப் விட்டின் வீட்டுக்குள் போகிறான். கேத்தி அங்கே இருக்கிறாள், விட்டிடமே திரும்பி வந்துவிட்டாள். கதையாகச் சொல்லி முடித்த பெண் நேரில் வந்து காலைச் சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறாள். ஃபிளாஷ்பேக்குக்கும் நிகழ்காலத்துக்கும் நடுவே இருந்த சுவர் அந்த இடத்தில் விழுகிறது.

ஜெஃபின் குரல் கதை சொல்லும் பகுதிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. சொல்கிறவனுக்கு முடிவு தெரியும், திரையில் இருக்கிறவனுக்குத் தெரியாது. அகாபுல்கோவின் சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்துக் கடையில் பியரோடு தூங்கி வழியும் ஜெஃபுக்கு முன்னால், வெள்ளை உடையும் தொப்பியுமாக, வெயிலிலிருந்து நிழலுக்குள் கேத்தி நடந்து வருகிறாள். விட் ஏன் பணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது அப்போதே புரிந்தது என்கிறது குரல். ஏமாந்ததைச் சொல்லும்போதே மறுபடி மயங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஆன் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சான் பிரான்சிஸ்கோவில் தலை சுற்றினால்

முதல்முறை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வழி தவறுவது இரண்டாம் பாதியில். பெயர்கள் வேகமாக வருகின்றன, ஒவ்வொருவரும் இரண்டு பேருக்கு வேலை செய்கிறார்கள். அங்கே நடப்பது இதுதான்.

ஈல்ஸ் என்பவன் விட்டுக்கு வருமான வரி ஏய்ப்பில் உதவியவன். அந்த ஆவணங்களை வைத்து இப்போது மிரட்டுகிறான். அவற்றை எடுத்துவந்தால் பழைய பகை தீரும் என்று ஜெஃபை விட் அனுப்புகிறான். ஈல்ஸின் செயலாளர் மெட்டா கார்சன் உள்ளிருந்து உதவுவாள். உண்மையான திட்டம் வேறு: ஈல்ஸ் கொல்லப்படுவான், ஜெஃப் அங்கே வந்துபோன தடயங்கள் இருக்கும், பழி அவன்மேல் விழும். மெட்டாவோடு ஈல்ஸின் வீட்டுக்குப் போய் மதுக்கோப்பையைக் கையில் வாங்கும்போதே ஜெஃபுக்கு வாடை அடித்துவிடுகிறது. திரும்பி வருவதற்குள் ஈல்ஸ் பிணமாகிவிட்டான். உடலை ஜெஃப் இடம் மாற்றி ஒளித்துவிட, உடல் கண்டுபிடிக்கப்படும் என்று காத்திருந்தவர்கள் திகைக்கிறார்கள். இதற்கிடையில் இன்னொரு காகிதமும் முளைக்கிறது: ஃபிஷரைக் கொன்றது ஜெஃப்தான் என்று கேத்தி கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம். பதிலுக்கு, வரி ஆவணங்களை ஜெஃப் கைப்பற்றுகிறான்.

இவ்வளவையும் ஒரே வரியில் சுருக்கலாம்: ஆளுக்கொரு காகிதம், ஒருவர் குடுமி இன்னொருவர் கையில். யார் எங்கே போனார்கள் என்பதைக் கோட்டைவிட்டாலும் எந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். கொலையாளி யார் என்று துப்புத் துலக்குகிற படமாக இதைப் பார்க்க உட்காருபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இதில் மர்மம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பேரம்தான் இருக்கிறது.

வெளிச்சம்

நுவார் என்றதும் ஜன்னல் பட்டைகளின் நிழலும் சிகரெட் புகையும்தான் போஸ்டர்களில் வரும். அதன் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு முகத்துக்கு வழக்கமாக மூன்று விளக்கு: முதன்மை வெளிச்சம் தரும் கீ லைட், அதனால் விழும் நிழலை நிரப்பும் ஃபில் லைட், ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் பேக் லைட். முகத்தின் ஒளிர்ந்த பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் உள்ள விகிதம் 2:1 என்றால் முகம் மென்மையாக, அழகாக இருக்கும். காதல் படங்களுக்கும் நகைச்சுவைக்கும் அதுதான் பொருந்தும். ஃபில் லைட்டைக் குறைத்து 8:1க்குக் கொண்டுபோனால் நிழல் பக்கம் மூன்று ஸ்டாப் கீழே இறங்கிவிடும் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதியாகும்). பாதி முகம் இருட்டில் போகும். விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல் மேஜை உயரத்துக்கு இறக்கினால் நிழல்கள் சுவரில் ஏறி, ஆளைவிடப் பெரிதாக நிற்கும்.

முசுராகா இதில் கைதேர்ந்தவர். முதல் நுவார் என்று பலர் குறிப்பிடும் 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்ட் ஃப்ளோர்' (1940) அவர் ஒளிப்பதிவு. டூர்னருடன் சேர்ந்து 'கேட் பீப்பிள்' (1942) என்ற திகில் படத்தையும் செய்தவர். பயமுறுத்தும் எதையும் காட்டாமல் நிழலாலேயே பயமுறுத்தும் வித்தை அங்கேயே கைவந்துவிட்டது. 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்'டில் அதன் உச்சம் காட்டு வீட்டுச் சண்டை. இரண்டு ஆண்கள் அடித்துக்கொள்கிறார்கள். கேமரா கேத்தியின் முகத்துக்குப் போகிறது. சண்டையின் நிழல்கள் அந்த முகத்தின்மேல் வந்து வந்து போகின்றன. அவள் தடுக்கவில்லை, அலறவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு துப்பாக்கி வெடிக்கிறது. அந்த முகத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அவளைப் பற்றி வசனம் சொல்லாத அத்தனையும் அங்கே இருக்கிறது.

ஆனால் இருட்டாக இருந்தால்தான் நுவார் என்று எண்ணுவது தவறு. பிரிட்ஜ்போர்ட் காட்சிகள் திறந்த வெளியில், மலையும் வானமுமாக, பளீரென்று இருக்கின்றன. ஜோ சாவது பட்டப்பகலில், ஆற்றோரப் பாறைமேல். கீழே நிற்கும் ஜெஃபை அவன் குறிவைக்கும்போது, வாய் பேசாத அந்தப் பையன் தூண்டிலை வீசி முள்ளை ஜோவின் கோட்டில் மாட்டி இழுக்கிறான். (ஏரிக்கரையில் மீன் பிடித்தல், அகாபுல்கோ கடற்கரையில் காயும் வலைகள், இந்தத் தூண்டில் என்று படம் முழுக்க இந்தச் சரடு ஓடுகிறது. ஜெஃபுக்கும் கேத்திக்கும் நடக்கும் முக்கியமான பேச்சு அந்த வலைகளுக்கு நடுவில்தான்.) ஒளிந்துகொள்ள இடமில்லாத வெளிச்சம் இருட்டைவிட மோசமானது என்பதை டூர்னர் தெரிந்து வைத்திருந்தார்.

கேத்தி

ஆணை அழிக்க வந்த மாயக்காரி என்று இந்தவகைப் பெண் பாத்திரங்களை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கம். கேத்தி பொய் சொல்கிறாள், கொல்கிறாள், கொஞ்சமும் வருந்துவதில்லை. அதில் சந்தேகமே இல்லை. என்றாலும் வலைகளுக்கு நடுவே நடக்கும் அந்தப் பேச்சைக் கேளுங்கள். பணத்தை எடுக்கவில்லை, நம்புகிறாயா என்று அவள் கேட்கிறாள். எனக்கு அதைப் பற்றி அக்கறையில்லை என்பதுதான் ஜெஃபின் பதில். நம்புகிறேன் என்று அவன் சொல்லவில்லை. அவன் ஏமாற்றப்படவில்லை, தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டான். பழி முழுவதையும் அவள்மேல் போடவிடாமல் படமே தடுக்கிற இடம் அது.

அவள் செய்யும் கொலைகள் மூன்று: ஃபிஷர், விட், கடைசியில் ஜெஃப். மூன்று முறையும் ஓர் ஆண் அவளை வைத்துப் பேரம் பேசுகிறான், அல்லது அவளைப் போலீஸில் ஒப்படைக்கப் பார்க்கிறான். ஃபிஷர் கொலையை ஏற்றுக்கொள் என்று விட் மிரட்டியதும் அவன் கதை முடிகிறது. அவளோடு காரில் கிளம்பிய ஜெஃப் போலீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டான் என்று சாலைத் தடுப்பைக் கண்டதும் அவளுக்குப் புரிகிறது, ஓட்டிக்கொண்டிருப்பவனைச் சுடுகிறாள். போலீஸின் குண்டுகளில் அவளும் சாகிறாள். ஜெஃபோ படம் முழுக்கத் தன் கையால் ஒருவரையும் கொல்லவில்லை. இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கும்.

ஏன் அவன் தப்பவே முடியாது

இதற்குக் கலையும் ஒரு காரணம், சட்டப்புத்தகமும் ஒரு காரணம். ஹாலிவுட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட தணிக்கை விதிகள் 1934இலிருந்து கறாராக நடைமுறைக்கு வந்தன. குற்றம் செய்தவன் தண்டனை பெறாமல் போகக் கூடாது, குற்றத்தின்மேல் பரிவு வரக் கூடாது. 1968இல் படங்களைப் பார்ப்பவர் வயதுக்கேற்ப வகைப்படுத்தும் முறை வரும்வரை ஏதோ ஒரு வடிவில் இது நீடித்தது. பிணத்தைப் புதைத்தவனும் முதலாளியின் காதலியோடு குடித்தனம் நடத்தியவனுமான ஜெஃப், ஆன் என்ற அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு சுகமாக வாழ அன்றைய விதியில் இடமே இல்லை.

தளையை நுவார் எழுத்தாளர்கள் ஊன்றுகோலாக்கிக்கொண்டார்கள். ஹீரோ பிழைப்பானா என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே தெரியும் என்பதால், எப்படி விழுவான், விழும்போது யாரைக் காப்பாற்றுவான் என்பதற்குப் பதற்றம் இடம்மாறியது. முடிவு தெரிந்தாலும் படம் கெடாது என்று மேலே சொன்னது இதனால்தான். கிளைமாக்ஸுக்குப் பிறகு, அவன் அந்தப் பெண்ணோடு போய்விடத்தான் நினைத்தானா என்று ஆன் பையனிடம் கேட்கிறாள். பையன் ஆம் என்று தலையாட்டுகிறான். பொய் அது. ஆனால் அந்தப் பொய்யால் அவள் விடுபடுகிறாள். ஊரில் அவளுக்காகக் காத்திருக்கும் ஜிம்மோடு போகலாம். தணிக்கைக்கு எந்தப் புகாரும் இல்லாத முடிவு. பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் அது நெஞ்சை அறுக்கும்.

இதே கருவில் எழுதிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுவாகச் சறுக்கும் இடம் ஒன்றுதான்: நாயகனுக்குக் கடந்த காலம் என்று ஒரு சோகத்தை மட்டும் கொடுத்துவிடுவது. சோகம் கதவைத் தட்டாது. யாரோ ஒருவர் கையில் எடுத்து நீட்டக்கூடிய ஒன்று வேண்டும்: சாவி, புகைப்படம், கையெழுத்து, புதைத்த இடம். அதன் மதிப்பு தெரிந்த ஓர் ஆள் உயிரோடு இருக்க வேண்டும். இழந்தால் வலிக்கிற அளவுக்குப் புதிய வாழ்க்கையையும் முதல் பத்து நிமிடத்துக்குள் காட்டியாக வேண்டும். ஏரிக்கரைக் காட்சி படத்தில் அவ்வளவு சீக்கிரம் வருவது இதற்காகத்தான்.

பார்ப்பதற்கு முன் டிவியில் செய்யவேண்டியது: படத்தைப் பளிச்சென்று காட்டும் 'விவிட்' போன்ற மோடையும், அறை வெளிச்சத்துக்கேற்பத் தானாக மாறும் பிரைட்னஸையும் அணைத்துவிடுங்கள். இவை நிழலைச் சாம்பல் நிறமாக்கிவிடும். காட்டு வீட்டுச் சண்டை கழுவித் துடைத்ததுபோல் ஆகிவிடும். நிறம் ஏற்றிய பிரதி கிடைத்தால் தொடவே வேண்டாம். வசனம் வேகமாகவும் குத்தலாகவும் வரும், சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அடுத்து எது என்றால், 'தி கில்லர்ஸ்' (1946). அதிலும் சிற்றூர், அதிலும் பொய்ப் பெயரில் பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் ஒருவன். கொல்ல வருகிறார்கள் என்று தெரிந்தும் அவன் படுக்கையை விட்டு எழுவதில்லை. அவன் ஏன் எழவில்லை என்பதைப் படம் பின்னோக்கித் தேடுகிறது. குற்ற உணர்ச்சியோடு கூடிய வகை வேண்டுமென்றால் 'ஆக்ட் ஆஃப் வயலன்ஸ்' (1948): போர்க் கைதிகள் முகாமில் தன் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவன் ஊரில் பெரிய மனிதனாக வாழ்கிறான், உயிர் பிழைத்த ஒருவன் காலை இழுத்து இழுத்து நடந்து தேடி வருகிறான். கலரில் பார்க்க விரும்பினால் 'கார்லிட்டோஸ் வே' (1993). தணிக்கை விதிகள் போய்க் கால் நூற்றாண்டு ஆனபிறகு வந்த படம். கார்லிட்டோ பிழைக்கலாம், தடை ஏதுமில்லை. அப்படியும் இயக்குநர் பிரையன் டி பால்மா, சுடப்பட்டு ஸ்ட்ரெச்சரில் போகும் கார்லிட்டோவைக் காட்டித்தான் படத்தைத் தொடங்குகிறார்.